மஸ்டர் புத்தகத்தில் காண்டாமிருகம்

குவாஹாட்டியில் பிரம்மபுத்திராவின் நடுவே உமானந்தா என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. உச்சியில் சிவன் கோயில். படகில் போய் இறங்கி, மூச்சு வாங்கப் படியேறினால் சுற்றிலும் புளியமரங்கள். அவ்வளவு வடகிழக்கே போய்ப் புளியமரத்தைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. 2012 டிசம்பரில் அலுவலக வேலையாகப் போயிருந்தேன். ஒரு கிளையில் நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி ஒரு மந்தி உட்கார்ந்திருந்தது. முகம் மட்டும் அடுப்புக்கரி. மற்றபடி உடம்பு முழுக்கப் புது வைக்கோல் நிறம், வெயில் பட்ட இடத்தில் தங்கம். கோயிலுக்கு வந்த ஒரு அம்மா பிஸ்கட் நீட்டினார். அது இறங்கி வந்து, கடன் கொடுத்ததைத் திருப்பி வாங்குகிறவரைப் போல வாங்கிக்கொண்டு மரமேறிவிட்டது.

அது பொன்மந்தி. உலகத்திலேயே அசாமின் மேற்கு மூலையிலும் பூட்டானிலும் மட்டும் இருக்கிற இனம். உமானந்தா அதன் சொந்த ஊர் இல்லை, 1980களில் யாரோ கொண்டுவந்து விட்ட ஜோடியின் வாரிசு. விடுதிக்கு வந்து அதன் அறிவியல் பெயரைத் தேடினேன். டிராக்கிபித்தேகஸ் ஜீயி. இந்த 'ஜீ' நாம் நேரு ஜி என்கிற மரியாதை ஜி இல்லை. ஒரு ஆளின் குடும்பப் பெயர். எட்வர்ட் பிரிட்சர்ட் ஜீ. யார் என்று பார்த்தால், தேயிலைத் தோட்டத் துரை!

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும்.

காரணம் இருக்கிறது. நான் பிறந்தது வால்பாறையில் ஒரு எஸ்டேட் பாடியில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில். தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறியவர். அப்பா அதே எஸ்டேட்டில் ஃபீல்டு ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றார். எங்கள் வீட்டுக் கதைகளில் தொரை என்றால் கூடவே துப்பாக்கியும் வரும். ஞாயிற்றுக்கிழமை தொரை காட்டெருமை சுடப் போவார், தாத்தா காடு கலைக்கப் போவார். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, மிருகம் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாமல் நடக்கிற வேலை அது. கூலி உண்டா என்று கேட்டதற்குத் தாத்தா ஒருமுறை சொன்னார்: "கறி உண்டு."

ஆகவே, 'வேட்டைக்காரத் துரை வனவிலங்குக் காவலரானார்' என்கிற வகைக் கதைகள் மேல் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. இந்தக் கதைகளுக்கு ஓர் அச்சு இருக்கிறது. துரை சுடுவார், சுடுவார், சுட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் சாகிற மிருகத்தின் கண்ணைப் பார்ப்பார். ஞானோதயம். அன்றோடு துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுப்பார். வால்மீகி கதைதான், புற்று மட்டும்தான் இல்லை. ஜீயும் வேட்டையில் தொடங்கிக் கேமராவுக்கு வந்தவர்தான். ஆனால் அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவரை மாற்றியது கண்ணீர் இல்லை, கணக்குப் பழக்கம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இது என் யூகம். ஆனால் எஸ்டேட்டில் வளர்ந்தவனின் யூகம்.

ஜீ 1904இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். இந்தியாவுக்கு வந்து அசாமில் தேயிலைத் தோட்ட வேலையில் சேர்ந்தார். அவர் கட்டுரைகளின் கீழே இருக்கும் முகவரி டயாங் தேயிலைத் தோட்டம், ஓடிங் அஞ்சல். இன்றைய கோலாகாட் மாவட்டம், அன்றைக்குச் சிவசாகர். காசிரங்காவும் அந்தப் பக்கம்தான்.

அந்த வட்டாரத்தில் வேட்டை எந்த அளவில் நடந்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். பக்கத்துக் கூச் பிகார் சமஸ்தானத்தின் மகாராஜா நிருபேந்திர நாராயண், பூட்டான் அடிவாரத்து டூவார்ஸிலும் அசாமிலும் 37 ஆண்டுகள் தான் ஆடிய வேட்டையை 1908இல் புத்தகமாகவே போட்டார். புலி 365. காண்டாமிருகம் 207. காட்டு எருமை 438. ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார். அதே 1908இல்தான் காசிரங்கா காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அப்போது அங்கே மிச்சமிருந்த காண்டாமிருகங்கள் ஒரு டஜன்தான் என்பார்கள். ஒரு மகாராஜாவின் நோட்டில் 207, ஒரு காட்டில் 12. வேட்டைக்காரர்களுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. செத்ததை மட்டும் எண்ணினார்கள்.

எஸ்டேட் வாழ்க்கை தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோட்டம் என்பது முழுக்க முழுக்க எண்ணிக்கையில் ஓடுவது. விடிந்தும் விடியாமல் மஸ்டர். ரைட்டர் பேர் கூப்பிட, ஆள் குரல் கொடுக்க, பேர் போடுவார்கள். எத்தனை ஆள் கொழுந்துக்கு, எத்தனை ஆள் களைக்கு, எத்தனை ஆள் காய்ச்சலில் பாடியில். எந்த நம்பர் காட்டில் எத்தனை கிலோ, எத்தனை தூர் பட்டுப்போச்சு. (எங்கள் பேச்சில் தேயிலை நட்ட இடத்துக்கும் பெயர் 'காடு'தான். 'எட்டாம் நம்பர் காடு' என்போம். அசல் காட்டை வெட்டித்தான் அந்தக் காடு வந்தது என்பது பள்ளிக்கூடம் முடிக்கிறவரை என் புத்தியில் உறைக்கவே இல்லை.) சாயங்காலம் எல்லாக் கணக்கும் தொரை மேஜைக்குப் போகும். முப்பது வருஷம் இப்படிக் காலையும் மாலையும் தலை எண்ணிக்கொண்டிருக்கிற ஒருவர் காட்டுக்குள் போனால் என்ன செய்வார்? அங்கேயும் மஸ்டர் எடுப்பார். ஜீ அதைத்தான் செய்தார்.

காசிரங்கா 1916இல் சரணாலயமாகி, 1938இல்தான் பார்வையாளர்களுக்குத் திறந்தது. யானை மேல் ஏறி, ஆளை மறைக்கிற கோரைக்குள் புகுந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் போனவர்கள் எல்லோருக்கும் தரிசனம் தந்தது கிழட்டு ஆண் காண்டாமிருகம் ஒன்று. பூரா குண்டா என்று பெயர் வைத்திருந்தார்கள். யானையைக் கண்டால் ஓடவும் ஓடாது, பாயவும் பாயாது, மேய்ந்துகொண்டே இருக்கும். 1953இல் அது செத்தது. அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தது காது கிழிந்த இன்னொன்று, கான்கட்டா. இவற்றைப் பற்றி ஜீ எழுதியதைப் பார்த்தால், மஸ்டரில் இருக்கிற பழைய ஆட்களைப் பற்றி எழுதுகிற தோரணை இருக்கும். யார் எங்கே நிற்பார், யாருக்கு வயசாகிவிட்டது, யாரிடம் வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது. பேரில்லாத மிருகத்தைச் சுடுவது சுலபம். பேர் போட்டுவிட்டால் அது நாளைக்கு வரவில்லை என்றால் கேட்கத் தோன்றும்.

பொன்மந்தி கதைக்கு வருகிறேன். 1907இலேயே ஷெப்பியர் என்கிற வனத்துறை அதிகாரி சங்கோஷ் ஆற்றுப் பக்கம் வெளிறிய நிறத்தில் ஒரு மந்தி பார்த்ததாகச் சொன்னார். (பின்னாளில் எவரெஸ்ட் பயணங்களுக்குச் சுமை ஏற்பாட்டாளராகப் போனாரே, அதே ஆள்.) பிறகும் அங்கொன்று இங்கொன்றாகத் தகவல்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1953 நவம்பரில் ஜீ கிளம்பினார். அசாம், வங்காளம், பூட்டான் மூன்றும் முட்டிக்கொள்கிற மூலையில், சங்கோஷ் கரையில், ஜம்துவார் என்ற இடத்தில் வனத்துறை பங்களா இருக்கிறது. அந்தக் காட்டில் அவர் பொன்மந்திகளைப் பார்த்தார். சினிமாக் கேமராவில் வண்ணத்திலேயே எடுத்துக்கொண்டு வந்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் விலங்கியல் துறையினருக்கு விஷயம் உறைத்தது. ஆனால் ஒரு சிக்கல். புது இனம் என்று அறிவிக்கப் படம் போதாது, தோலும் மண்டையோடும் வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கஜூரியா மாதிரிகள் சேகரித்து, 1956இல் முறையாக விவரித்து, ஜீயின் பெயரையே வைத்தார். 'சேகரித்து' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். துப்பாக்கியை விட்டுவிட்டுக் கேமராவோடு போனவரின் பெயர், கடைசியில் சுடப்பட்ட உடல்களின் சீட்டில்தான் ஏறியது. இதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை, அன்றைய விதி அது.

இன்னொன்றும் இருக்கிறது. 'கண்டுபிடித்தார்' என்று எழுதும்போதெல்லாம் என் கை தயங்குகிறது. அந்தக் காட்டோரத்துக் கிராமத்துக்காரர்கள் அந்த மந்தியை ஆயிரம் தடவை பார்த்திருப்பார்கள். ஜீயைக் கூட்டிப்போய்க் காட்டியவர் யாரோ, யானை ஓட்டியவர் யாரோ, அவர்கள் பெயரில் எந்த மந்தியும் இல்லை. எங்கள் ஆனைமலையிலும் அதே கதைதான். கருமந்தியை லேகியத்துக்காகக் கொன்றவர்களும் நம் ஆட்களே, அது எந்த மரத்தில் இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்களுக்குக் காட்டியவர்களும் நம் ஆட்களே. இரண்டு பட்டியலிலும் பெயர் வராது.

1952இல் இந்திய வனவிலங்கு வாரியம் அமைந்தபோது ஜீ அதில் உறுப்பினரானார். சிவிங்கிப்புலி நாட்டில் இல்லையென்று ஆகிவிட்ட சமயம் அது. அடுத்து எது என்ற பயம் இருந்தது. ஜீ எண்ணக் கிளம்பினார். மணிப்பூரின் சங்காய் மான் 1951இல் அழிந்துவிட்டது என்று எழுதியாகிவிட்டது. 1953இல் அவர் லோக்தாக் ஏரியின் கீபுல் லம்ஜாவோ பகுதியில் அது இன்னும் உயிரோடு இருப்பதைப் பார்த்தார். அந்த இடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அழுகிய தழையும் வேரும் மண்ணும் பின்னிக்கொண்டு ஏரி மேல் பாயாக மிதக்கிறது. அதன் மேல்தான் அந்த மான் நடக்கிறது. கால் வைத்தால் தரை அசையும். செத்தவர் பட்டியலில் எழுதிய ஆள் மஸ்டரில் வந்து நின்றால் எப்படி இருக்கும்! 1975இல் விமானத்திலிருந்து எண்ணியபோது தென்பட்டவை 14 மட்டுமே. 1977இல் அந்த இடம் தேசியப் பூங்காவானது. இன்று இருநூறுக்கு மேல் இருக்கின்றன.

1962இல் குஜராத்தின் உப்புநிலமான கட்ச் சின்ன ரண் போய்க் காட்டுக் கழுதைகளை எண்ணினார். 870. இந்த எண்ணுக்கு ஏழு வருஷம் கழித்துத்தான் விலை தெரிந்தது. 1969 கணக்கெடுப்பில் 362. முதல் எண் இல்லையென்றால் இரண்டாவது எண்ணைப் பார்த்து யாரும் பதறியிருக்க மாட்டார்கள். '362 கழுதை இருக்கா, பரவாயில்லையே' என்று போயிருப்பார்கள். சரிவைப் பார்க்க இரண்டு புள்ளி வேண்டும், முதல் புள்ளி வைக்கிறவனுக்குப் பெரும்பாலும் அதன் பலன் கண்ணில் படாது. இன்றைக்கு அந்தக் கழுதைகள் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டன.

நேபாளம் தனிக்கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்வன் பள்ளத்தாக்கில் மலேரியாவை ஒழித்ததும் குடியேற்றம் வெள்ளமாய் வந்தது, காண்டாமிருகக் காடு வயலாகிக்கொண்டிருந்தது. 1959இல் ஜீ ஆய்வு செய்து ராப்தி ஆற்றுக்கு வடக்கே தேசியப் பூங்கா, தெற்கே சரணாலயம் என்று பரிந்துரைத்தார். 1963இல் மறுபடி போய், பூங்காவைத் தெற்கே நீட்டச் சொன்னார். 1973இல் சித்வன் நேபாளத்தின் முதல் தேசியப் பூங்காவானது.

இப்போது அந்தப் புகழ்பெற்ற எண். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் 40,000 புலிகள் இருந்தன. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், தொலைக்காட்சியில் கேட்டிருப்பீர்கள், ஒவ்வொரு ஜூலை 29க்கும், அதாவது உலகப் புலிகள் தினத்துக்கும், வாட்ஸ்அப்பில் வரும். இது எங்கிருந்து வந்தது? ஜீயிடமிருந்து. நேரு முன்னுரையோடு 1964இல் வந்த தன் நூலில் அவர் தந்த மதிப்பீடு: நூற்றாண்டின் தொடக்கத்தில் 40,000 இருக்கலாம், இப்போது 4,000. 1900இல் நாடு முழுக்க யாரும் புலியை எண்ணவில்லை. ஜீக்கு அப்போது பிறப்பே நடக்கவில்லை. அவர் குத்துமதிப்பாகச் சொன்னது நமக்குக் கல்வெட்டாகிவிட்டது.

பழைய அரசுக் குறிப்புகளைத் துருவிய வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன், 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் 80,000க்கு மேல் புலிகள் கொல்லப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டார். ஓரிடத்தில் இருப்பும் இன்னோரிடத்தில் செலவும் சொல்கிற இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜீயின் 40,000 எத்தனை தளர்வான எண் என்று புரியும். ரூபாய்க்குப் பத்துப் பைசா மிச்சம் என்று கிராமத்தில் சொல்கிற மாதிரி, பத்தில் ஒன்று ஆகிவிட்டது என்று உலகத்துக்குச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பாடு தேவைப்பட்டது. அது வேலை செய்தது. 1972இல் தடம் பார்த்து எடுத்த முதல் நாடளாவிய கணக்கில் 1,827 வந்தபோது, நாடே ஜீயின் 40,000த்தோடுதான் அதை ஒப்பிட்டுத் திடுக்கிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டே வந்தது, புலித் திட்டம் அடுத்த ஆண்டு.

நான் பார்த்த கணக்குக்காரர்களில் இப்படிச் செய்ய மாட்டேன் என்பவர் அப்பா ஒருவர்தான். ஒருமுறை விடுமுறையில் அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். 40,000 கதையைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நேரா பாக்காம எப்பிடில பேர் போடுவாரு? எங்க தொரை சீட்டைக் கிழிச்சிருவான்."

"அவரே தொரைதானப்பா."

"அதான் பாத்தேன்."

அப்பாவின் கோபம் நியாயம்தான். ஆனால் எனக்கு ஜீ மேல் உள்ள மனத்தாங்கல் வேறு. அசாம் தேயிலையே காட்டை வெட்டித்தான் வந்தது. சோட்டா நாக்பூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சென்னை மாகாணத்துத் தெலுங்கு மாவட்டங்களிலிருந்தும் ஆட்களை ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். யானை நடந்த வழியில் தேயிலை நின்றது. ஆற்றங்கரைக் காட்டில் எத்தனை காண்டாமிருகம் என்று மணியாகச் சொன்ன தலைமுறை, தன் காலடி நிலத்தில் முன்பு என்ன நின்றது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பக்கத்து நம்போர், டயாங் காப்புக்காடுகளும் பின்னாளில் பெரும்பகுதி வயலும் குடியிருப்புமாகிவிட்டன. அதற்குத் துரைகள் காரணமில்லை, வெள்ளத்தில் நிலமிழந்து வந்தவர்கள், வேறு வழியில்லாதவர்கள். எங்கள் வால்பாறையில் இன்று சிங்கவால் குரங்கு புதுத்தோட்டம் எஸ்டேட்டுக் கூரைகளில் ஏறி ஓட்டைப் பிரிக்கிறது. சோலையைத் துண்டு துண்டாக விட்டுவைத்தால் அது வேறெங்கே போகும்?

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். துரைகளில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றதும் கப்பலேறிவிட்டார்கள், கொம்பும் தோலும் கூடவே போயின. ஜீ 1959இல் தோட்ட வேலையை விட்டபின் ஷில்லாங்கில் வீடு போட்டு, ஆர்க்கிட் வளர்த்துக்கொண்டு, எண்ணுகிற வேலையைத் தொடர்ந்தார். நேபாளத்து இரண்டாம் ஆய்வு, காட்டுக் கழுதை, நூல் எல்லாம் அதற்குப் பிறகுதான். 1968இல் இறந்தார். புலித் திட்டத்தைப் பார்க்கவில்லை, சித்வன் பூங்காவைப் பார்க்கவில்லை. 1966இல் காசிரங்காவில் எண்ணியபோது காண்டாமிருகங்கள் 366. அந்த எண்ணை அவர் பார்த்திருப்பார். 2022இல் 2,613.

அவர் பார்க்காமல் போனதில் நான் மிகவும் வருந்துவது 1971இல் நடந்தது. அழிந்தே போயிற்று என்று நினைத்த குள்ளப் பன்றி, முயலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்குமே அது, அசாமில் பர்னாடிப் பக்கம் புல்வெளியில் தீப்பிடித்தபோது உயிருக்குப் பயந்து ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடி வந்தது. கூலிக்காரர்கள் பிடித்துச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். சந்தையில் பார்த்துதான் ஒரு தோட்டத் துரைக்கு விஷயம் தெரிந்தது. அறிவியல் தேடிக்கொண்டிருந்த மிருகத்தைப் பிடித்தவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்று இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். குழம்பு வைக்கத்தான் பிடித்தார்கள் என்பது வேறு விஷயம்.

உமானந்தாவுக்குத் திரும்பிப் போக வாய்க்கவில்லை. நான் போனபோதே விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருந்தன. பிஸ்கட்டும் பிரசாதமும் சாப்பிட்டு, ஒரே ஜோடியின் ரத்தத்தில் பிறந்து பிறந்து, சின்னத் தீவில் எத்தனை நாள் தாங்கும்? 2020 வாக்கில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று செய்தி வந்தது. அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தபோது, அந்தக் கோயில் தீவில் நான் போட்டோ எடுத்துக் காட்டினேனே, அந்த மந்திக் கூட்டம் முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"பேர் வெட்டியாச்சா?" என்றார்.